ஹைஸ்கூல் பிரவேசமும் தஞ்சை ஜில்லாவும்

தை மாதத்தில் சம்பா அறுப்பு முடிந்து, நெல் நேரடிக் கொள்முதல் நிலையத்தின் வாசலில் தார்ப்பாயின் கீழ் குவிந்து கிடக்கும் அதே வாரங்களில்தான், காவிரிக் கரை ஊர்களில் பெயர்பெற்ற தனியார் ஹைஸ்கூல்கள் பல அடுத்த வருஷத்துப் பிரவேசத்துக்கு மனு வாங்கத் தொடங்குகின்றன. அங்கே நெல்லுக்கு ஈரம் பார்க்கிறார்கள். இங்கே பிள்ளைக்கு மார்க் பார்க்கிறார்கள். நெல்லில் ஈரம் மிகுதியென்றால் உலர்த்திக்கொண்டு வரும்படி சொல்லுவார்கள். பிள்ளையின் மார்க் குறைவென்றால் வேறு இடம் பார்க்கும்படி சொல்லுகிறார்கள். நெல்லின் கிரயம் வங்கிக் கணக்கில் ஏறுமுன்னரே இடத்தை நிச்சயப்படுத்திக்கொள்ளப் பணம் கட்டவேண்டிய தேதி வந்துவிடுகிறது. வீட்டு நகை கூட்டுறவுச் சங்கத்துக்குப் போய்ச் சேருகிறது. ஜூன் மாதம் பள்ளி திறக்கையில் மறு தவணை கேட்கிறார்கள். குறுவைக்கு விதையும் உழவுக் கூலியும் தேடவேண்டிய மாதமும் அதுவே. மேட்டூர் அணை ஜூன் 12ந் தேதி திறப்பது வழக்கம். 2024ஆம் வருஷத்தில் ஜூலை 28ந் தேதிதான் திறந்தது. பள்ளிக்கூடமோ தண்ணீருக்காகக் காத்திராமல் ஜூனிலேயே திறந்துவிட்டது.

இப்படிக் கடன்பட்டும் பெற்றோர்கள் பிள்ளைகளைத் தனியார் பள்ளிக்கு அழைத்துப் போவதை வீண் பகட்டென்று பட்டணவாசிகள் சிலர் பரிகசிப்பதுண்டு. நமக்கு அவ்விதம் தோன்றவில்லை. மூன்று ஏக்கர் குத்தகை நிலத்தை வைத்துக்கொண்டு, மேகத்தையும் மேலைத் தேசத்து அணைகளையும் மாறி மாறிப் பார்த்திருக்கும் குடியானவர் ஒருவர், தம் மகனாவது மகளாவது இந்தக் கவலையினின்று விடுபட வேண்டுமென்று எண்ணுவது இயல்பே. காவிரி நடுவர் மன்றம் 1990இல் ஏற்பட்டது. 2007இல் தீர்ப்புக் கூறியது. சுப்ரீம் கோர்ட்டின் முடிவு 2018இல் வந்தது. இந்த இருபத்தெட்டு வருஷத்துக்குள் ஒரு தலைமுறை பிறந்து, வளர்ந்து, ஹைஸ்கூலையும் தாண்டிப் போய்விட்டது. கைக்கு வருவது படிப்பு ஒன்றே என்று டெல்டா ஜனங்கள் தீர்மானித்துக்கொண்டால் அவர்களைக் குறைகூற நமக்கு வாயில்லை. நமது ஆக்ஷேபணை முழுவதும், வாசலின் மறுபுறத்தில் உட்கார்ந்துகொண்டு பொறுக்கியெடுப்பவர்களைப் பற்றியதும், அவர்களைக் கேள்வி கேளாது விட்டிருக்கும் சர்க்காரைப் பற்றியதுமேயாகும்.

சட்டம் என்ன சொல்லுகிறதென்பதை முதலில் தெரிந்துகொள்வது நலம். 2009இல் பார்லிமெண்டு இயற்றி, 2010 ஏப்ரல் 1ந் தேதி அமுலுக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம், ஆறு வயது முதல் பதினான்கு வயது வரையிலுள்ள குழந்தைகளைப் பற்றியது. அதன் 13ஆம் பிரிவின்படி, பள்ளிப் பிரவேசத்துக்காகக் குழந்தைக்கேனும் பெற்றோருக்கேனும் பரீக்ஷை நடத்தலாகாது, நன்கொடை வாங்கலாகாது. நன்கொடை வாங்கினால் அதைப்போல் பத்து மடங்கு வரையில் அபராதம். பரீக்ஷை வைத்தால் முதல் தடவை ரூ. 25,000 வரையிலும், பின்னர் ஒவ்வொரு தடவையும் ரூ. 50,000 வரையிலும் அபராதம். 12ஆம் பிரிவின்படி, தனியார் பள்ளிகள் ஆரம்ப வகுப்பில் நூற்றுக்கு இருபத்தைந்து இடங்களை ஏழைக் குழந்தைகளுக்கு இலவசமாகத் தரவேண்டும்; செலவைச் சர்க்கார் ஈடுசெய்யும். 2012 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட்டு இதைச் செல்லுமென்று உறுதிசெய்தது. பின்னர் 2014இல் சிறுபான்மையோரின் பள்ளிகளுக்கு மட்டும் விலக்களித்தது.

நல்ல சட்டமே. ஆனால் அது எட்டாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. 2013 ஜூன் மாதத்தில் இருபத்தைந்து சதவிகித இடத்தில் எல்.கே.ஜி.யில் சேர்ந்த குழந்தை 2023 ஏப்ரலில் எட்டாம் வகுப்பை முடித்தது. பத்து வருஷம் ஒரே பெஞ்சியில் தோழர்களோடு உட்கார்ந்திருந்த அந்தப் பிள்ளையிடம், ஒன்பதாம் வகுப்பின் வாசலில், இனி முழுச் சம்பளம் கட்டு, இல்லையேல் போ என்று சொல்லச் சட்டமே இடங்கொடுக்கிறது. பரீக்ஷை வைக்கலாகாதென்ற தடையும் அங்கே ஓய்ந்துவிடுகிறது. பதினான்கு வயதில், எதையும் மனத்தில் ஆழமாக வாங்கிக்கொள்ளும் பருவத்தில், தான் இத்தனை நாள் இங்கே விருந்தாளியாகவே இருந்தோமென்று ஒரு பிள்ளை அறிந்துகொள்வதைக் காட்டிலும் கொடுமையான பாடம் எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை.

இதுவேனும் ஏழைக் குழந்தைகளின் சங்கதி. சம்பளம் கட்டும் பிள்ளைகளின் கதியும் பத்திரமானதன்று. ஒன்பதாம் வகுப்பின் முடிவில், பத்தாம் வகுப்புப் பொதுப் பரீக்ஷையில் தவறிவிடக்கூடும் என்று சந்தேகிக்கப்படும் பிள்ளைகளின் தகப்பனார்களைக் கூப்பிட்டு, சாந்தமாகப் பேசி, மாற்றுச் சான்றிதழைக் கையில் கொடுத்துவிடும் வழக்கம் நம் ஜில்லாவில் யாருக்குத் தெரியாது? அப்பிள்ளை பக்கத்துச் சர்க்கார் பள்ளியில் போய்ச் சேருகிறான். அவன் தவறினால் அந்தத் தோல்வி சர்க்கார் பள்ளியின் கணக்கில் ஏறுகிறது. அவனை வெளியேற்றிய பள்ளியோ நூற்றுக்கு நூறு தேர்ச்சியென்று கடைத்தெருவில் ஆளுயரப் பலகை வைக்கிறது. 2017இல் சர்க்கார் பொதுப் பரீக்ஷைகளில் முதலிடம், இரண்டாமிடம் என்று பட்டியல் வெளியிடுவதை நிறுத்திவிட்டது. பட்டியல் நின்றதேயொழிய, பலகைகள் நின்றபாடில்லை.

பிளஸ் ஒன் வகுப்புப் பிரவேசம் இன்னும் விசித்திரமானது. பத்தாம் வகுப்பு முடிவுகள் மே மாதத்தில் வெளியாகின்றன. ஆனால் பல பள்ளிகள் அரையாண்டுப் பரீக்ஷை மார்க்கைக் கொண்டே, பொதுப் பரீக்ஷை எழுதுமுன்னமே, இடங்களைப் பேசி முடித்துவிடுகின்றன. கணிதம், ஜீவசாஸ்திரம் கொண்ட பிரிவுக்கு ஒரு மார்க் வரம்பு. அந்த வரம்பு எவ்வளவு என்பதை எழுத்தில் தரமாட்டார்கள். வரம்புக்குக் கீழே உள்ளவனுக்கு இடமில்லையென்று சொல்லுவதும் உண்டு; இடமுண்டு, ஆனால் தொகை வேறு என்று சொல்லுவதும் உண்டு. தஞ்சை ஜில்லாப் பிள்ளைகள் பலர் இதற்கும் மேலே போய், நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு முதலிய ஊர்களின் விடுதிப் பள்ளிகளுக்கு மூட்டை கட்டிக்கொண்டு போனதை நாம் பல வருஷம் பார்த்தோம். அவ்விதப் பள்ளிகள் பலவற்றில் பிளஸ் ஒன் பாடத்தைப் புறக்கணித்துவிட்டு இரண்டு வருஷமும் பிளஸ் டூ பாடத்தையே உருப்போட வைத்தார்கள். அதைத் தடுக்கவே 2018 முதல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுப் பரீக்ஷை வந்தது. 2025இல் மாநிலக் கல்விக் கொள்கை வெளியானதும் அந்தப் பரீக்ஷை நீக்கப்பட்டது. பிள்ளைகளின் பாரம் குறைந்ததென்று நாமும் சந்தோஷப்படுகிறோம். ஆயினும், பழைய தந்திரம் திரும்பி வராமல் பார்த்துக்கொள்ளுவது யார் பொறுப்பு என்பதைக் கல்வி இலாகா நமக்குச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறது.

இவ்வளவு ஆவலோடு ஜனங்கள் பணத்தைக் கொட்டி வாங்குவது எதை? பாடத்தை அல்ல. 2010ஆம் வருஷத்துச் சமச்சீர்க் கல்விச் சட்டம், சுப்ரீம் கோர்ட்டின் 2011 ஆகஸ்டுத் தீர்ப்புக்குப்பின் அமுலானது முதல், மெட்ரிகுலேஷன் பள்ளிப் பிள்ளையும் சர்க்கார் பள்ளிப் பிள்ளையும் வாசிப்பது ஒரே பாடத்திட்டந்தான். எழுதுவது ஒரே பரீக்ஷைதான். கட்டடமும், பஸ்ஸும், இங்கிலீஷில் போதனையும், ஒழுங்கும் வேறுபடலாம். ஆனால் மிகுதியான மார்க் வாங்குகிறவர்கள் அங்கே மிகுதியாயிருப்பதன் முக்கிய காரணம், மிகுதியான மார்க் வாங்கக்கூடியவர்களை மட்டும் பொறுக்கி எடுத்துக்கொள்ளுவதே. நல்ல விதையை மாத்திரம் வாங்கி நட்டவன், விளைச்சலைக் காட்டித் தன் மண்ணின் பெருமை பேசினால் எந்த மிராசுதார் நம்புவார்? பதரும் மணியும் கலந்து வந்ததை வாங்கி, அதில் பாதியை மணியாக்கிக் காட்டும் சர்க்கார்ப் பள்ளி உபாத்தியாயருக்குப் பலகை வைப்பாரில்லை.

நம் ஜில்லாவின் பழைய ஹைஸ்கூல்களும் தனியார் ஸ்தாபனங்களே. கும்பகோணம் டவுன் ஹைஸ்கூல், நேட்டிவ் ஹைஸ்கூல், பாணாதுரை ஹைஸ்கூல், தஞ்சாவூர் கல்யாணசுந்தரம் ஹைஸ்கூல், மன்னார்குடியின் நேஷனல் ஹைஸ்கூல், பின்லே பள்ளி, ஷ்வார்ட்ஸ் பாதிரியார் காலத்து வழிவந்த தஞ்சை ஸெயிண்ட் பீட்டர் பள்ளி என்று ஊருக்கு ஊர் எழுந்து, பின்னர் சர்க்கார் மானியமும் பெற்று வளர்ந்தவை. 1897இல் ஜில்லா முழுவதிலும் ஆரம்பப் பரீக்ஷையில் முதல்வனாகத் தேறிய கும்பகோணத்துச் சிறுவன் ஒருவனுக்கு டவுன் ஹைஸ்கூல் அரைச் சம்பளச் சலுகை கொடுத்துச் சேர்த்துக்கொண்டது. தகப்பனார் ஜவுளிக்கடைக் குமாஸ்தா. அச்சலுகை இல்லாதிருந்தால் ஸ்ரீனிவாஸ ராமானுஜன் என்ற பெயர் 1918இல் லண்டன் ராயல் ஸொஸைட்டியின் பட்டியலில் ஏறியிருக்குமோ என்பது சந்தேகமே. அதே ராமானுஜன், கும்பகோணம் சர்க்கார் காலேஜில் சேர்ந்தபின், இங்கிலீஷில் தவறியதற்காக உபகாரச் சம்பளத்தை இழந்தார் என்பதையும் மறக்கலாகாது. ஒரே ஊரில், ஒரே பிள்ளைக்கு, ஒரு வாசல் திறந்தது. ஏழெட்டு வருஷத்துக்குள் மற்றொன்று அடைத்தது.

மற்றோர் உதாரணம் திருவாரூரில். 1930களில் திருக்குவளையிலிருந்து வந்த சிறுவனொருவன் அங்கிருந்த போர்டு ஹைஸ்கூலில் சேரப் பிரவேசப் பரீக்ஷை எழுதித் தவறினான். தலைமை உபாத்தியாயரின் அறைக்குள் தானே போய், இடங்கொடாவிட்டால் எதிரிலுள்ள கமலாலயக் குளத்தில் விழுந்துவிடுவேன் என்றான். உபாத்தியாயர் கஸ்தூரி ஐயங்கார் மனமிரங்கி, ஐந்தாம் வகுப்பில் சேர்த்துக்கொண்டார். பிற்காலத்தில் ஐந்து தடவை தமிழ்நாட்டின் முதன்மந்திரியாயிருந்த மு. கருணாநிதிதான் அச்சிறுவன், தம் சுயசரிதையாகிய ‘நெஞ்சுக்கு நீதி’யில் அவரே இதைச் சொல்லியிருக்கிறார். அவருடைய அரசியலை ஒப்புகிறவர்களும் ஒப்பாதவர்களும் நம் வாசகர்களில் இருப்பார்கள். இங்கே அது கேள்வியன்று. ஒரு காலை நேரத்துப் பரீக்ஷை அப்பிள்ளையைப் பற்றி என்ன அறிந்தது என்பதே கேள்வி. அவரைப்போல் உள்ளே நுழைந்து வாதாடிய சிறுவர் எத்தனை பேர் இருப்பர்? ஆயிரத்தில் ஒருவர். மற்றவர்கள் தகப்பனார் பின்னால் பேசாமல் வீடு திரும்புகிறார்கள்.

பழைய ஹைஸ்கூல்கள் எல்லாருக்கும் திறந்திருந்தன என்று நாம் சொல்ல வரவில்லை. பெரும்பாலும் மிராசுதார்களின் பிள்ளைகளும், உத்தியோகஸ்தரின் பிள்ளைகளுமே அவற்றில் படித்தனர். பண்ணையாளின் பிள்ளை மாடு மேய்த்தான்; பெண் பிள்ளைகளைப் பற்றிய பேச்சே கிடையாது. கிராமந்தோறும் பள்ளியும் மத்தியான உணவும் வந்தது, 1954 முதல் 1963 வரை காமராஜர் முதன்மந்திரியாயிருந்த காலத்தில்தான். ஆயினும் அந்தப் பழைய ஸ்தாபனங்களுக்கு ஒரு லக்ஷணம் இருந்தது. ஊரார் கொடுத்த நிலத்தில், ஊரார் பார்த்திருக்க நடந்தமையால், சம்பளச் சலுகை கேட்டு ஒருவன் வந்தால் நிர்வாகஸ்தர் பதில் சொல்லியாக வேண்டியிருந்தது. மானியம் வாங்கியதனால் சர்க்காருக்கும் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

இந்த ஏற்பாட்டை மாற்றியது எது? 1991-92ஆம் கல்வி வருஷம் முதல் புதிதாகத் தொடங்கும் தனியார் பள்ளிக்கு மானியமில்லை என்று சர்க்கார் சட்டத்திலேயே எழுதிவைத்ததுதான். அன்று முதல், பள்ளி நடத்த விரும்புகிறவன் பிள்ளைகளின் சம்பளத்தைக் கொண்டே நடத்தவேண்டியதாயிற்று. தர்மத்துக்காகப் பள்ளி வைத்தவர்கள் ஒதுங்கினார்கள். வட்டிக்கணக்குத் தெரிந்தவர்கள் வந்தார்கள். பழைய உதவிபெறும் பள்ளிகளும், காலியான உபாத்தியாயர் ஸ்தானங்களுக்கு அனுமதி கேட்டு வருஷக்கணக்கில் காகிதம் அனுப்பிக்கொண்டே, பிழைப்புக்காகத் தம் மதிற்சுவருக்குள்ளேயே சம்பளம் கட்டிப் படிக்கும் சுயநிதிப் பிரிவுகளைத் திறந்துகொண்டன. ஒரே வாசலில் இரண்டு வரிசை. எந்த வரிசையில் நிற்பதென்பதைப் பணப்பை தீர்மானிக்கிறது.

தனியார் பள்ளி நிர்வாகஸ்தர்களின் தரப்பிலும் சில நியாயங்கள் உண்டு. உபாத்தியாயருக்குச் சம்பளம், கட்டடத்துக்கு வரி, பஸ்ஸுக்கு எண்ணெய் எல்லாம் கைப்பணம். இருபத்தைந்து சதவிகித இடங்களுக்குச் சர்க்கார் தரவேண்டிய ஈட்டுத்தொகை காலத்தில் வருவதில்லை. 2024 முதல் டில்லிக்கும் சென்னைக்கும் கல்விக் கொள்கை பற்றி எழுந்த தகராறில் மத்திய சர்க்கார் நிதியை நிறுத்திவைத்தது. அதன் பலனாக 2025இல் கோடையில் திறக்கவேண்டிய இலவசச் சேர்க்கை, பள்ளி தொடங்கி நாலு மாதம் கழித்து, அக்டோபரில்தான் திறந்தது. அக்டோபரில் எந்தக் கூலியாளின் குழந்தை பள்ளியில் சேராமல் காத்துக்கொண்டிருக்கும்? கொள்கைச் சண்டையில் டில்லியின் பக்கத்தில் நியாயமில்லை என்பதே நமது கட்சி. எனினும் சென்னையும் தன் பொக்கிஷத்திலிருந்து முன்பணம் கொடுத்துவிட்டுப் பிறகு டில்லியோடு வழக்காடியிருக்கலாம்.

ஆனால் நிர்வாகஸ்தர்களில் சிலர் இதற்கும் மேலே போய், எங்கள் பள்ளி, எங்கள் பணம், யாரைச் சேர்ப்பதென்பது எங்கள் இஷ்டம் என்கிறார்கள். இந்த வாதத்தைத் தமிழ்நாடு ஒரு தடவை கேட்டு, விசாரித்து, தள்ளிவிட்டது. வ. வே. ஸு. ஐயர் சேரன்மாதேவியில் நடத்திய குருகுலத்துக்குத் தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டி ரூ. 5,000 அளித்திருந்தது. அங்கே பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிப் பந்தி நடந்ததென்று தெரிந்தபோது, 1924-25இல் டாக்டர் வரதராஜுலு நாயுடுவும், ஈ. வெ. ராமசாமி நாயக்கரும், இன்னும் பலரும் கிளப்பிய கிளர்ச்சியில் மாகாணமே அதிர்ந்தது. ஐயரின் தேசபக்தியை எவரும் சந்தேகித்ததில்லை. கல்விச்சாலை என்று பெயர் வைத்து ஊராரின் பிள்ளைகளை அழைத்தபின், உள்ளே நடப்பது சொந்த விஷயமல்ல என்பதே அன்று கேட்டவர்களின் வாதம். இன்றைய பள்ளிகள் வருமானவரிச் சலுகை பெறும் தர்ம ஸ்தாபனங்களாகவும், டிரஸ்டுகளாகவும் பதிவாகியிருக்கின்றன. தர்மத்தின் பெயரால் சலுகையும், சொந்தத்தின் பெயரால் சுதந்திரமும் இரண்டும் வேண்டுமென்றால் எப்படி?

இது தீராத வியாதியும் அன்று. நம்மைப்போலவே நெற்சோறுண்ணும் தேசமாகிய தென்கொரியாவில், பிரவேசப் பரீக்ஷைக்காகப் பத்துப் பன்னிரண்டு வயதுக் குழந்தைகள் இரவெல்லாம் கண்விழித்துப் படித்துக்கொண்டிருந்தனர். 1969 முதல் அங்கே நடுப்பள்ளிப் பிரவேசப் பரீக்ஷையை நீக்கினர். 1974இல் ஸோல், பூசான் நகரங்களில் தொடங்கி ஹைஸ்கூல்களுக்கும் தனித்தனிப் பரீக்ஷை கூடாதென்று சொல்லி, அந்தந்தப் பகுதிப் பிள்ளைகளைச் சீட்டுக் குலுக்கிப் பள்ளிகளுக்குப் பங்கிட்டனர். சர்க்கார் பள்ளி, தனியார் பள்ளி என்ற வித்தியாசமில்லாமல் இரண்டுக்கும் இதே விதி. அதனால் அங்கே டியூஷன் மோகம் ஒழிந்துவிடவில்லை. ஆனால் அந்தத் தேசத்தின் படிப்பு கெட்டுவிட்டதென்று எவரும் சொல்லத் துணியார். நம் நாட்டிலும் 1964-66 கோத்தாரி கமிஷன், அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் எல்லாரும் ஒரே பள்ளியில் படிக்கும் ஏற்பாட்டைச் சிபார்சு செய்தது. அச்சிபார்சு அலமாரியில் பத்திரமாக இருக்கிறது.

தஞ்சை ஜில்லாப் பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. எட்டாம் வகுப்பு வரை சர்க்கார் பள்ளியில் படித்த பிள்ளையை ஒன்பதில் தனியார் பள்ளிக்கு மாற்றுமுன், கையிலிருந்து போவது எது என்பதையும் கணக்குப் பார்க்கவேண்டும். 2020ஆம் வருஷத்துச் சட்டத்தின்படி வைத்தியக் கல்லூரி இடங்களில் ஏழரை சதவிகிதம், ஆறு முதல் பன்னிரண்டு வரை சர்க்கார் பள்ளியில் படித்தவர்களுக்கு உரியது. 2021இல் இன்ஜினீயரிங் முதலிய தொழிற்கல்விக்கும் அது விரிந்தது. எட்டு வரை இலவச இடத்தில் தனியார் பள்ளியில் படித்து, ஒன்பது முதல் சர்க்கார் பள்ளிக்கு வந்த பிள்ளைகளுக்கும் அதில் பங்குண்டு. இது பலருக்குத் தெரியாது. கல்லூரியில் சேரும் பெண்களுக்கு மாதம் ரூ. 1,000 தரும் 2022ஆம் வருஷத்துத் திட்டமும் தனியார் சுயநிதிப் பள்ளிக்குப் போனவருக்கு இல்லை. ஆக, நகையை அடகு வைத்து உரிமையையும் கைவிட்டு வரும் குடும்பங்கள் உண்டு. மாற்றுவதும் மாற்றாததும் அவரவர் இஷ்டம். தெரிந்து செய்யட்டும் என்பதே நமது வேண்டுகோள். அன்றியும், சம்பளப் பாக்கிக்காக மாற்றுச் சான்றிதழை நிறுத்தி வைக்கலாகாதென்றும், அதில் பாக்கியைக் குறிக்கலாகாதென்றும் சென்னை ஹைக்கோர்ட்டு 2024 ஜூலையில் தீர்ப்பளித்திருக்கிறது. பாக்கிக்குப் பயந்து பிள்ளையை வீட்டில் வைத்திருக்க வேண்டியதில்லை.

சேர்க்கைக்கு ஓடும் அவசரத்தில் கட்டடத்தைப் பார்க்கவும் மறக்கலாகாது. இதைச் சொல்ல மற்ற ஜில்லாக்களைவிட நமக்கு அதிக உரிமையும் துக்கமும் உண்டு. கும்பகோணம் காசிராமன் தெருவில், 2004 ஜூலை 16ந் தேதி, சத்துணவுச் சமையலறையில் பிடித்த தீ கூரைக்கொட்டகைக்குத் தாவி 94 குழந்தைகளைக் கொண்டுபோயிற்று. ஒரே கட்டடத்துக்குள் உதவிபெறும் பள்ளி, நர்ஸரிப் பள்ளி, ஹைஸ்கூல் என்று மூன்று ஸ்தாபனங்கள். குறுகிய மாடிப்படி. அங்கீகாரக் காகிதத்தில் கையெழுத்திட்ட அதிகாரிகள் அதே படியில் ஏறி இறங்கியிருப்பார்கள் அல்லவா? நீதிபதி சம்பத் கமிஷன் விசாரித்தது, கோர்ட்டும் விசாரித்தது, பள்ளிகளில் ஓலைக் கூரை ஒழிந்தது. ஓலை ஒழிந்த அளவுக்கு அலட்சியம் ஒழிந்ததா என்பதை ஒவ்வொரு ஜூன் மாதத்திலும் புதிதாகக் கேட்கவேண்டியதுதான்.

சர்க்கார் செய்யவேண்டியதில் பெரும்பகுதிக்குப் புதுச் சட்டமே வேண்டாம். நன்கொடை வசூலைத் தடுக்க 1992ஆம் வருஷத்துச் சட்டம் இருக்கிறது. சம்பளத்தை நிர்ணயிக்க 2009ஆம் வருஷத்துச் சட்டம் இருக்கிறது. ஓய்வுபெற்ற ஹைக்கோர்ட்டு நீதிபதியின் தலைமையில் கமிட்டி, ஒவ்வொரு பள்ளிக்கும் மூன்று வருஷத்துக்கொரு தொகையை எழுதிக் கையெழுத்திடுகிறது. மீறினால் சிறைத் தண்டனைக்கும் இடமுண்டு. அந்தத் தொகை பள்ளி வாசலில் தேர்ச்சிப் பலகைக்குப் பக்கத்தில், அதே அளவு எழுத்தில், தொங்கட்டும். ஒன்பதாம் வகுப்பிலும் பிளஸ் ஒன்னிலும் எத்தனை இடம், எந்த விதிப்படி சேர்க்கை, எத்தனை பிள்ளைகளை அவ்வருஷம் வெளியே அனுப்பினார்கள் என்ற விவரமும் அதனடியில் இருக்கட்டும். பத்தாம் வகுப்பு முடிவு வெளிவருமுன் வாங்கும் எந்தத் தொகையும் செல்லாதென்று இலாகா அறிவித்து, அறிவித்தபடி நடக்கட்டும்.

புதுச் சட்டம் வேண்டியது ஒன்றுக்குத்தான். இலவச இடத்தில் சேர்ந்த பிள்ளை பன்னிரண்டாம் வகுப்பு வரை அங்கேயே படிக்க வேண்டும். டில்லி பார்லிமெண்டு சட்டத்தை நீட்டுமளவும் காத்திராமல், சென்னைச் சட்டசபையே அந்த நாலு வருஷத்துச் செலவை ஏற்கலாம். கூடவே, பழைய உதவிபெறும் ஹைஸ்கூல்களில் காலியாயுள்ள உபாத்தியாயர் ஸ்தானங்களை நிரப்பினால், நகை அடகுக்குப் போகாமலே படிக்கக்கூடிய இடங்கள் தஞ்சை, திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை நான்கு ஜில்லாக்களிலும் ஏராளமாகும். கட்டடமும் மைதானமும் பேரும் ஏற்கெனவே இருக்கின்றன.

அரசியல் ஊழியர்களையும் நாம் கேட்கவேண்டியிருக்கிறது. தண்ணீருக்காக மறியல் செய்கிறோம். நெல்லின் விலைக்காகக் கலெக்டர் ஆபீஸ் வாசலில் உட்காருகிறோம். பயிர் இன்ஷூரன்ஸுக்காக மனுப் போடுகிறோம். பள்ளிப் பிரவேசத்தை மட்டும் குடும்ப விஷயமென்று விட்டுவிட்டோம். கட்சிப் பிரமுகர்கள் சிலர் இவ்விஷயத்தில் செய்யும் ஊழியமெல்லாம், வேண்டியவர் பிள்ளைக்குச் சிபார்சுக் கடிதம் கொடுப்பதோடு முடிகிறது. சிபார்சால் ஒருவனுக்கு இடம் கிடைத்தால், வரிசையில் நின்ற மற்றொருவனுக்கு அது போயிற்று என்பதை அவர்கள் அறியாதவர்களல்ல. கடிதம் எழுதும் கையால் வேறொரு காரியம் செய்யலாம். தம் தாலுகாவிலுள்ள ஒவ்வொரு தனியார் ஹைஸ்கூலுக்கும் கமிட்டி நிர்ணயித்த சம்பளம் எவ்வளவு, இலவச இடத்தில் படித்து எட்டாம் வகுப்பை முடிக்கும் பிள்ளைகள் எத்தனை பேர், உதவிபெறும் பள்ளிகளில் எந்த வகுப்பில் எத்தனை இடம் காலி என்று ஒரு பட்டியல் தயாரித்து, கூட்டுறவுச் சங்கத்தின் சுவரிலும் கொள்முதல் நிலையத்தின் வாசலிலும் ஒட்டலாம். தகவல் உரிமைச் சட்டம் 2005 முதல் இருக்கிறது; பத்து ரூபாய்க் கட்டணத்தோடு ஒரு மனுப் போட்டால் முப்பது நாளில் பதில் தரவேண்டும். மனுக்கள் கார்த்திகையில் போனால், தை பிறந்து முதல் மூட்டை நெல் களத்துக்கு வருமுன் பட்டியல் சுவரில் இருக்கும்.